ஐ.நா. தீர்மானங்களால் நம் மாவட்டத்துக்காரருக்கு என்ன கிடைத்தது? (விவாத இழை)

1 அக்டோபர் 2025, காலை – தக்கலை வாசகர் கேட்டது

இன்று சர்வதேச முதியோர் தினம். ஒரு கூட்டம், ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம், அதோடு முடிந்தது. ஆகஸ்ட் 9 பழங்குடியினருக்கு, ஆகஸ்ட் 12 இளைஞருக்கு, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஐ.நா. சபை ஆளுக்கொரு நாளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் அவர்கள் நிறைவேற்றும் தீர்மானங்களால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு ஆளுக்காவது ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கிறதா? காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

1 அக்டோபர், இரவு – என் பதில்

தக்கலை அண்ணனுக்கு. கிடைத்திருக்கிறது. கணக்கு இதோ.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். வருவாய்த் துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை 1,500. இடையில் 300 ரூபாய் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 24ஆம் பிரிவைப் படியுங்கள்: மற்றவர்களுக்கு அதே வகைத் திட்டத்தில் எவ்வளவு கொடுக்கிறார்களோ, அதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்க வேண்டும். 1,200இல் கால் பங்கு 300. இந்த 1,500 வந்தது 2023 ஜனவரியில். முதியோர் தொகை 1,000இலிருந்து 1,200 ஆனது அதே ஆண்டில் சற்றுப் பிந்தி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி இப்போது சட்டம் சொல்லும் கடைசி எல்லையில் நிற்கிறது. நாளைக்கு முதியோருக்கு 1,300 என்று அறிவித்தால், மாற்றுத்திறனாளிக்கு 1,625க்குக் கீழே கொடுக்க முடியாது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவே இச்சட்டம் என்று அதன் முதல் வரியே சொல்கிறது. அந்த உடன்படிக்கையை இந்தியா முறைப்படி ஏற்றுக்கொண்ட நாள் 2007 அக்டோபர் 1. நீங்கள் கேள்வி கேட்ட அதே தேதி.

2 அக்டோபர்

சட்டம் தெரிந்த நாகர்கோவில் வாசகர் ஒருவர், அந்தப் பிரிவு “அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு” என்றுதானே தொடங்குகிறது என்கிறார். ஆமாம். திட்டம் கொண்டுவருவதற்குத்தான் அந்த வரம்பு. 25 சதவீதம் பற்றிய வாசகம் தனியாக, கட்டாயமாக நிற்கிறது. நான் படித்த அளவில் அப்படித்தான். வேறு மாதிரித் தீர்ப்பு ஏதாவது இருந்தால் இங்கே போடுங்கள். குலசேகரத்தில் மனு எழுதிக் கொடுப்பவள் நான். எனக்கு அது பயன்படும்.

3 அக்டோபர்

நேற்றிரவு முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் நான்கு தினங்களையும் ஒரே வரிசையில் வைத்தார். நான்கும் ஒன்றல்ல, என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இருப்பது உடன்படிக்கை. 2006 டிசம்பர் 13இல் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறி 2008 மே 3இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுக்கொண்ட நாடு கட்டுப்பட்டாக வேண்டும், ஜெனீவாவில் உள்ள குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். பழங்குடி மக்களுக்கு இருப்பது 2007 செப்டம்பர் 13இல் வந்த பிரகடனம். நல்ல ஆவணம், 46 பிரிவுகள், ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டாது. இளைஞருக்கு 1995இல் எழுதிய ஓர் உலகச் செயல்திட்டம் இருக்கிறது. முதியோருக்கு 1982இல் வியன்னா செயல்திட்டம், 1991இல் 18 கொள்கைகள், 2002இல் மாட்ரிட் செயல்திட்டம், இப்போது 2021 முதல் 2030 வரை ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு. எண்ணிக்கையில் முதியோருக்குத்தான் அதிகம். ஒன்றைக்கூட மனுவில் எழுதி, “இதன்படி எனக்குத் தா” என்று கேட்க முடியாது.

என் மேசைக்கு வரும் மனுக்களில் இந்த வேறுபாட்டைத் தினமும் பார்க்கிறேன்.

3 அக்டோபர், சற்று நேரம் கழித்து

பார்வையற்ற வாசகர் ஒருவர் இந்த இழையைத் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியாக இருந்தது. அவருக்காக ஒரு தகவல்: பார்வையற்றோருக்குப் புத்தகங்களைப் படிக்கும் வடிவில் மாற்றிக் கொடுக்கப் பதிப்புரிமை தடையாக இருக்கக் கூடாது என்ற மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் வந்தது. அதை உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014இல்.

6 அக்டோபர்

அருமனை அக்கா, “உன் வீட்டுக் கதையைச் சொல், சட்டப் புத்தகம் எங்களுக்கு எதற்கு” என்கிறார். சொல்கிறேன்.

அப்பா ஆயுள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படுவார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் வளைகுடாவில் இருக்கிறான், நான்தான் உடன் இருக்கிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு முகாம் என்றார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று மருத்துவர் எழுதினால்தான் மற்றவை நடக்கும். போனால், மருத்துவர் அறை முதல் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி கிடையாது. அப்பா படிக்கட்டை அண்ணாந்து பார்த்து, “இதில் ஏறத் தெம்பிருந்தால் நான் எதற்கு இந்தச் சான்றிதழுக்கு வருகிறேன்?” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனு எழுதினேன். உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு: ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள், மாற்றுத்திறனாளிகள் ஏறி இறங்கும்படி மாற்ற வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இவ்வளவுதான் எழுதினேன். அடுத்த முகாம் தரைத்தளத்தில் நடந்தது. கட்டடம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது, மின்தூக்கி வரவில்லை. முகாமாவது கீழே இறங்கி வந்தது.

அதே வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மைக்கும் ஒரு மனு எழுதினேன். முந்திரி ஆலையில் தோல் உரித்து விரல் கறுத்துப்போனவர். மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான் என்று யாரோ சொல்லி, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டது. மகன் பணம் அனுப்புவதில்லை. அது ஊருக்கே தெரியும். அந்த மனுவில் காட்ட எனக்கு ஒரு பிரிவும் கிடைக்கவில்லை. அரசாணை இருக்கிறது. ஆனால் அது அரசு விரும்பினால் தரும் உதவி, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்வது விசாரிக்க வரும் அலுவலர். “கருணை கூர்ந்து மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன்” என்று முடித்தேன். 70 வயது தாண்டியவருக்காக அப்படி எழுதும்போது கை கூசியது.

7 அக்டோபர்

மேலே சொன்ன பெரியம்மையைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அவருக்குச் செவித்திறன் மிகவும் குறைந்துவிட்டது. அதை வயதின் கோளாறு என்று வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். சோதித்துப் பார்த்து 40 சதவீதம் வந்தால், இதே பெரியம்மை 1,200க்குக் கெஞ்சுவதை விட்டு 1,500க்கு உரிமையோடு விண்ணப்பிக்கலாம். உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு மாற்றுத்திறன் கொண்ட முதியோரைத் தனியாகவே குறிப்பிட்டுச் சமூகப் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.

ஒரே ஆள் எந்தப் பட்டியலில் வருகிறார் என்பதைப் பொறுத்து வரும் மரியாதை மாறுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

11 அக்டோபர்

இன்று கிராம சபை. காந்தி ஜெயந்திக்கு நடக்க வேண்டியதை இன்றைக்கு வைத்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் இருந்து எனக்குத் தெரிந்த காணிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று, வன உரிமை மனு எழுத வேண்டும் என்று நேற்றே வந்திருந்தது. அதனால் இன்று பழங்குடி பற்றி.

குளச்சல் தம்பி, “ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்ததே, அதை வைத்துக் கேட்க முடியாதா?” என்கிறார். வாக்களித்தது உண்மை. ஆதரவு 144, எதிர்ப்பு 4, நடுநிலை 11. எதிர்த்தவை ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. பின்னாளில் நான்கும் மனம் மாறின. ஆனால் இந்தியா வாக்களித்தபோதே, விடுதலைக்குப் பின் இந்தியர் அனைவருமே இந்த மண்ணின் மக்கள்தாம் என்று சொல்லிவிட்டது. அதாவது, காணிக்காரருக்கென்று தனியாக இது பொருந்தும் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 107ஆம் ஒப்பந்தத்தை 1958இல் ஏற்ற இந்தியா, அதைத் திருத்தி 1989இல் வந்த 169ஆம் ஒப்பந்தத்தை இன்றுவரை ஏற்கவில்லை. ஆகவே பிரகடனத்தை மனுவில் எழுதிப் பயனில்லை. நான் எழுதுவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை.

அந்தச் சட்டம் நம் மாநிலத்தில் வெகுகாலம் முடங்கிக் கிடந்தது. உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுக்க முடியாத நிலை. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் அசைந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலம் கையில் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். எதை வைத்து நிரூபிப்பது? விதி 13 பலவகைச் சான்றுகளைச் சொல்கிறது, குறைந்தது இரண்டு வேண்டும். அவற்றில் ஒன்று, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிச் சேர்ப்பது.

இதைப் படித்துக் காட்டியபோது அந்தக் குடும்பத்துடன் வந்திருந்த முதிய காணி நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பாறையோரம் யார் குடிசை இருந்தது, எந்த அயனி மரத்தை யாருடைய அப்பன் வைத்தான், எந்த ஆண்டு யானை வந்து மரச்சீனியை அழித்தது, எல்லாம் சொன்னார். எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. மூட்டுக்காணி (ஊர்த் தலைவர்), பிலாத்தி (பூசாரி, வைத்தியர்) ஆகியோரின் சொல்லுக்கு மலையில் மதிப்பு எப்போதும் உண்டு. கலெக்டர் தலைமையிலான குழுவின் முன்பும் அந்தச் சொல் சான்றாக நிற்கிறது என்பது சாதாரணமான விஷயமல்ல. முதியவரைப் பராமரிக்க வேண்டிய ஆளாக மட்டும் பார்க்கும் திட்டங்களே அதிகம். இந்த ஒரு விதி அவரைச் சாட்சியாக வைக்கிறது.

13 அக்டோபர்

ஆரோக்கியப்பச்சை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காக: 1987இல் அகத்திய மலையில் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள், உடன் வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்று களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் பெற்றார்கள், அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு. 1997இல் கேரளக் காணிகளுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பிரகடனத்தின் 31ஆம் பிரிவு பாரம்பரிய அறிவின் மேல் அந்த மக்களுக்கே உரிமை என்று 2007இல் எழுதியது. அதற்குப் பத்தாண்டு முன்பே நம் பக்கத்து மலையில் அது ஓரளவு நடந்து, உலகமே அதைப் பேசியது.

ஆனால் 1956 நவம்பர் 1இல் நாம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது மலையின் மேலும் ஒரு கோடு விழுந்தது. அதே அறிவைத் தலைமுறையாக வைத்திருந்த இந்தப் பக்கத்துக் காணிகள் அந்த அறக்கட்டளையின் கணக்கில் வரவில்லை. பிரகடனத்தின் 36ஆம் பிரிவு எல்லைகளால் பிரிந்த மக்களின் உறவைக் காக்கச் சொல்கிறது, ஆனால் நாட்டு எல்லைகளை மட்டும். மாநில எல்லை அவர்கள் நினைவில் இல்லை.

தமிழகத்தோடு சேரக் கேட்டு நடந்த தெற்கெல்லைப் போராட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டிலேயே அதில் நின்றவர்கள் உண்டு. மலையிலிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

20 அக்டோபர்

இளைஞரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று குளச்சல் தம்பிக்கு வருத்தம். எழுதுகிறேன். ஐ.நா.வின் கணக்கில் இளைஞர் என்றால் 15 முதல் 24 வயது. பாதுகாப்புச் சபையின் 2250ஆம் தீர்மானத்தில் 18 முதல் 29. இந்தியாவின் 2014 கொள்கையில் 15 முதல் 29. நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். படித்த பிள்ளைகள் அந்த வயது முடியுமுன் விமானம் ஏறிவிடுகிறார்கள். கடற்கரைப் பிள்ளைகள் வளைகுடாவில் அடுத்தவர் படகில் மீன் பிடிக்கிறார்கள். அவர்களுக்குத் தேவையானது இளைஞர் செயல்திட்டமல்ல, புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கை. அது 1990இலேயே எழுதப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை.

தம்பி, உன் அப்பா அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். 2021 மதிப்பீட்டில் கேரள மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். தமிழ்நாட்டில் 13.6. நம் மாவட்டம் பல விதங்களில் கேரளத்தைப் போலத்தான் இருக்கிறது. பெரிய வீடு, உள்ளே இரண்டு முதியவர்கள், வாசலில் பூட்டிய கேட். இளைஞர் கொள்கையும் முதியோர் கொள்கையும் ஒரே குடும்பத்தைத்தான் பேசுகின்றன. எழுதுகிறவர்கள் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

30 அக்டோபர்

கேரளத்தில் நலத்திட்ட ஓய்வூதியம் 1,600இலிருந்து 2,000 ஆகிறது, நவம்பர் முதல். எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் சாலையின் அந்தப் பக்கம் 2,000, இந்தப் பக்கம் 1,200. மத்திய அரசின் பங்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80க்கு மேல் 500. அந்த 200 என்பது 2007இலிருந்து மாறவில்லை. முதியோருக்கு ஓர் உடன்படிக்கை இருந்திருந்தால், அந்த 200 ரூபாய்க்கு இந்தியா ஜெனீவாவில் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

7 நவம்பர்

தோஹாவில் சமூக மேம்பாட்டுக்கான இரண்டாவது உலக உச்சி மாநாடு நேற்று முடிந்தது. முதல் மாநாடு 1995இல் கோபன்ஹேகனில். அரசியல் பிரகடனம் ஒன்றை ஏற்றிருக்கிறார்கள். படித்தேன். மறுபடியும் பிரகடனம்.

நான் எதிர்பார்த்துக் காத்திருப்பது வேறொன்று. 2025 ஏப்ரல் 3இல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை, முதியோர் உரிமைக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஆவணத்தை எழுத அரசுகளின் பணிக்குழுவை அமைக்கத் தீர்மானித்தது. வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாக. அதற்கு முன் நியூயார்க்கில் 2010இல் தொடங்கிய ஒரு குழு, உடன்படிக்கை வேண்டுமா வேண்டாமா என்பதையே 2024 வரை பேசிக்கொண்டிருந்தது. இந்தச் செய்திக்கு நம் பத்திரிகைகளில் எவ்வளவு இடம் கிடைத்தது என்று தேடிப் பாருங்கள். தக்கலை அண்ணனே, நீங்கள் பொன்னாடைக்குக் கோபப்பட்டீர்கள், சரி. இதற்கும் கொஞ்சம் கோபப்படுங்கள்.

22 நவம்பர்

தேங்காப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மாள் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். மகளுக்கு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார், இப்போது சாப்பாடு இல்லை. பெயர் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதியோருக்குச் சட்டமே இல்லை என்று நான் சொன்னதாக யாரும் நினைக்கக் கூடாது. 2007இன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அது அரசிடம் கேட்கும் சட்டமல்ல, பிள்ளைகளிடம் கேட்கும் சட்டம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். கிள்ளியூர், விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு தாலுகாக்காரர்கள் பத்மநாபபுரத்திலும், அகஸ்தீஸ்வரம், தோவாளைக்காரர்கள் நாகர்கோவிலிலும் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். 23ஆம் பிரிவின்படி, பராமரிப்பேன் என்ற நிபந்தனையில் வாங்கிய சொத்தைப் பராமரிக்காவிட்டால் பத்திரத்தையே ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியவருக்குப் பயன்படும்படி சட்டத்தை விரித்துப் படிக்க வேண்டும் என்றது. ஆகவே இனி எழுதுகிறவர்கள், உணவு, உடை, மருந்து, தங்குமிடம் என்று பத்திரத்திலேயே ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் “வழக்கமில்லை” என்பார். கேட்காதீர்கள்.

அம்மாள், உங்கள் பத்திரத்தின் நகலோடு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.

3 டிசம்பர்

இன்று மாற்றுத்திறனாளிகள் தினம். அப்பாவை அழைத்துக்கொண்டு போகவில்லை, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

கேட்டவர்களுக்காக: இந்த ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழி வந்திருக்கிறது. உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு பொது வாழ்வில் பங்கு கேட்கிறது, இது அதற்கு நெருங்கி வருகிறது. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் 50க்கு மேல், அங்கெல்லாம் இடமுண்டு. ஊராட்சிகளின் பதவிக்காலம் இந்த ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள்தாம் நடத்துகிறார்கள், தேர்தல் வரும்வரை அங்கே நியமிக்க மன்றமே இல்லை. பேச்சிப்பாறை போன்ற மலை ஊராட்சிகள் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

5 டிசம்பர்

பெரியம்மைக்குச் செவிப் பரிசோதனை முடிந்தது. 40 சதவீதத்துக்கு மேல் என்று எழுதிவிட்டார்கள். இனி மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டைக்கு இணையத்தில் பதிய வேண்டும், ஆதார், புகைப்படம், சான்றிதழ் போதும். அருமனை அக்கா, உங்கள் மாமியாருக்கும் இதே வழிதான். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நாகர்கோவில் வருகிறீர்கள் என்றால் மனுவில் 24ஆம் பிரிவை எழுதிக்கொண்டு வாருங்கள். கொடுத்ததும் பதிவு எண்ணோடு ரசீது வாங்குங்கள். காணிக் குடும்பத்தின் மனு இன்னும் கோட்ட அளவில் இருக்கிறது, பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.